இமைக்க ஓர் இடைவெளி

நம் குடும்பத்து மூத்தவர் ஒருவர், நமக்கு அத்தை முறை. எழுபதைக் கடந்தவர். அவருடைய ஒரு கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியது. விழியின் உட்புறத்தில், விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்தில், ஏதோ ஒரு வளர்ச்சி இருப்பதுபோல் தெரிகிறது என்றார் கண் மருத்துவர். அதன் அளவையும் எல்லையையும் அறிய எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவரச் சொன்னார். குறித்த நாளில் குழாய் போன்ற அந்த இயந்திரத்தினுள் அத்தையைப் படுக்க வைத்தனர். “கண்ணை அசைக்கக் கூடாது, இமைக்கக் கூடாது” என்பது மட்டுமே அவருக்குக் கூறப்பட்ட அறிவுரை. முதல் படம் கலங்கலாக வந்தது. இரண்டாம் முறை அதே அறிவுரை சற்று உரத்த குரலில் வந்தது. மூன்றாம் முறை குரலில் கடுமை ஏறிவிட்டது. வெளியே வந்த அத்தையின் கன்னங்கள் நனைந்திருந்தன. “இமைக்காம இருக்க நான் என்ன சுரூபமா?” என்று மட்டும் கேட்டார். நம் கையில் தந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’

அந்த வரி நம்மை நெடுநாள் விடவில்லை. ஒருவரைத் தெளிவாகக் காண வேண்டும் என்று விரும்புகிறவர், காணப்படுகிறவரிடம் எவ்வளவு அசைவின்மையைக் கேட்கலாம்? கேட்டது கிடைக்கவில்லை என்றால் குற்றம் யாருடையது? கண்ணைப் படமெடுக்கும் ஒரு சிறு தொழில்நுட்பத்தைச் சார்ந்து எழுந்த கேள்விதான் இது. ஆயினும் நாம் நாள்தோறும் பிறரை நோக்கும் முறைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று எண்ணுகிறோம்.

குடம் பாலும் துளி நஞ்சும்

இமைப்பது இவ்வளவு பெரிய இடையூறாவது ஏன் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். நம் உடலில் நீர் மிகுதி. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் உடலை வைத்து, வானொலி அலையால் அக்கருக்களைத் தட்டி எழுப்பினால், அவை மெல்லிய மறுமொழி ஒன்றைத் தருகின்றன. இடத்திற்கு இடம் காந்தப் புலத்தைச் சிறிது வேறுபடுத்தினால், எந்த மறுமொழி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியலாம் என்பதை 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். அம்மறுமொழிகளைக் கணித வழியில் விரைவாகப் படமாக்கும் முறையைப் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு வளர்த்தார். இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எக்ஸ் கதிர் இன்றியே உடலின் உள்ளே காண முடிந்தது மனித குலத்திற்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தப் படம் உருவாகும் விதம் புகைப்படத்தினின்றும் வேறானது. புகைப்படத்தில் ஒருவர் கையை அசைத்தால் அந்தக் கை மட்டுமே மங்கும். அருகில் நிற்பவர் தெளிவாகவே இருப்பார். எம்.ஆர்.ஐ. கருவியோ படத்தை நேரே எடுப்பதில்லை. வரிவரியாக, எடுத்துக்காட்டாக 256 வரிகளாக, அலைகளைச் சேகரிக்கிறது. இவ்வரிகளில் ஒவ்வொன்றும் படத்தின் ஒரு துண்டைக் குறிப்பதன்று. ஒவ்வொரு வரியிலும் முழுப்படத்தைப் பற்றிய செய்தி கலந்திருக்கிறது. எல்லா வரிகளும் சேர்ந்த பின்னரே கணக்கின் வழியாகப் படம் பிறக்கிறது. ஆகவே, நான்கு நிமிடச் சேகரிப்பில் ஒரு நொடி நேர்ந்த அசைவும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதில்லை. குடம் பாலில் விழுந்த துளி நஞ்சு போல் படம் முழுவதும் பரவுகிறது. அசைந்த உறுப்பின் உரு, ஒரே திசையில் அடுத்தடுத்துப் பல மங்கிய நகல்களாகப் படத்தின்மேல் படிகிறது. மருத்துவத் துறையினர் இவற்றைப் ‘பேய்’ என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர். இல்லாத ஒன்று இருப்பதுபோலவும், இருக்கும் ஒன்று இல்லாததுபோலவும் காட்ட வல்லவை அவை.

கண்ணின் நெடுக்களவோ ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் கட்டியை அளக்க வேண்டுமாயின் அரை மில்லிமீட்டர் வேறுபாடும் புலப்பட வேண்டும். கட்டியின் உயரத்தையும் அகலத்தையும் பொறுத்தே, கதிரியக்கத் தகட்டைக் கண்ணின்மேல் பொருத்திக் குணப்படுத்தலாமா, அல்லது கண்ணையே எடுத்துவிட வேண்டுமா என்பது போன்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. படத்தில் கலக்கம் என்பது அழகின் குறை அன்று. ஒருவர் கண்ணை இழப்பதும் இழக்காததும் அதைச் சார்ந்திருக்கலாம்.

நில் என்றால் நிற்காதது

இத்தகைய கருவியின்முன் நாம் கொண்டு நிறுத்துவது, உடலில் ஓய்வறியா உறுப்புகளுள் ஒன்றை. மனிதர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கின்றனர். நான்கு நிமிடத்தில் 60 முறை. ஒவ்வொரு முறையும் இமை மட்டுமன்றி, விழியும் சற்றே உள்ளிழுக்கப்பட்டுத் திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நோக்குவதற்கு ஒன்றுமில்லாத கண், மூடிய இமைக்குள் இன்னும் தாராளமாக அலைகிறது.

இமைக்காமலே ஒரு புள்ளியை உற்றுநோக்கினாலும் கண் நிற்பதில்லை. ஆறு தசைகள் அதனை இடையறாது இயக்குகின்றன. விநாடிக்கு ஓரிரு முறை நுண்ணிய தாவல். தாவல்களுக்கிடையே மெல்லிய நழுவல். அவற்றோடு கூடவே ஓயாத நடுக்கம். நெடுங்காலம் இவற்றைக் குறைபாடு என்றே பலர் கருதினர். அசைவே இல்லாத கண் இன்னும் நன்றாகக் காணும் என்று எண்ணத் தோன்றுவது இயல்புதானே!

1950களின் தொடக்கத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1952இல் இங்கிலாந்தில் டிச்பர்னும் கின்ஸ்போர்க்கும், 1953இல் அமெரிக்காவில் ரிக்ஸும் அவர்தம் குழுவினரும், கண்ணோடு ஒட்டிய வில்லையில் சிறு கண்ணாடி ஒன்றைப் பொருத்தினர். கண் எப்பக்கம் அசைந்தாலும் எதிரிலுள்ள உருவும் அதே அளவு அசையுமாறு செய்து, விழித்திரையில் உரு ஒரே இடத்தில் நிற்கும்படி அமைத்தனர். பின்னர் மாஸ்கோவில் யார்பஸ் என்பவர் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் சிறு கிண்ணங்களைக் கொண்டு இதையே செய்தார். விளைந்தது என்ன? சில விநாடிகளுக்குள் அந்த உரு மங்கி மறைந்தது. கண் திறந்திருக்கிறது, எதிரே பொருள் இருக்கிறது, ஒளியும் விழுகிறது, ஆயினும் காட்சி இல்லை. மாறாத ஒன்றை விழித்திரை அறிவிப்பதில்லை. சுவரில் ஒரு புள்ளியையே அசையாது நோக்கிக்கொண்டிருந்தால் ஓரத்தில் உள்ள மங்கிய பொருள்கள் மெல்ல மறைவதை நாமும் காணலாம். டிராக்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804இலேயே இதனைக் குறித்து வைத்துள்ளார்.

அசையாத கண் குருடாகிறது. நாம் குறை என்று கருதிய நடுக்கமே பார்வையைப் பிழைக்க வைத்திருக்கிறது. இங்கேதான் முரண் தோன்றுகிறது. காண்பதற்காகக் கண் அசைந்தாக வேண்டும். காணப்படுவதற்காக அது நின்றாக வேண்டும். அத்தையிடம் கருவி கேட்டது சிறு உதவி அன்று. அவருடைய கண் கண்ணாக இருப்பதையே சில நிமிடம் விட்டுவிடுமாறு கேட்டது.

மூன்று வழிகள்

இந்த முரணை எதிர்கொள்ள அறிவியலார் பல உத்திகளைக் கையாளுகின்றனர். அவற்றை மூன்று வழிகளாகத் தொகுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஓர் அறநெறிக் கேள்வியை எழுப்புகிறது.

முதல் வழி, அசைவையே நிறுத்துவது. ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்று பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. பரம்பரையாக வரும் வகையில் அக்குழந்தைகளுக்குப் பிற புற்றுகளும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. கதிர்வீச்சு அதை மேலும் கூட்டும். எனவே எக்ஸ் கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேனைத் தவிர்த்து எம்.ஆர்.ஐ. படமே எடுக்க வேண்டும் என்று 2012இல் ஐரோப்பிய வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் ‘அசையாதே’ என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே மயக்க மருந்து கொடுக்கின்றனர். கையில் துவண்ட பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கும் தாயை எண்ணிப் பாருங்கள். இது வன்முறையா? அன்று என்றே சொல்வோம். உயிரும் கண்ணும் பணயமாக இருக்கும்போது, வேறு வழி இல்லாதபோது, பிறர் நலத்திற்காக அவரது அசைவை நிறுத்தும் உரிமை நமக்கு உண்டு. ஆயினும் அந்த உரிமைக்கு விலை உண்டு. மயக்க மருந்துக்கென ஒரு மருத்துவர் பொறுப்பேற்று, ஒவ்வொரு மூச்சையும் கவனித்தபடி அருகிலேயே இருக்கிறார். ஒருவரை அசையாமல் ஆக்குகிறவர் அவருடைய மூச்சுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பை ஏற்காமல் அசையாதே என்று மட்டும் கட்டளையிடுவதுதான் தவறு.

இரண்டாம் வழி, கலங்கிய படத்தைப் பின்னர்த் திருத்துவது. எந்தத் திசையில் வரிகளைச் சேகரிப்பது என்பதை மாற்றினால், பேய்கள் வேண்டாத பக்கத்தில் விழும். வேண்டிய இடம் தெளிவாகும். இது எளிய, நேர்மையான உத்தி. அண்மைக் காலத்தில், ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, கலக்கத்தை நீக்கித் தெளிந்த படத்தை ஊகித்துத் தருகிறது. காத்திருக்கும் நேரம் குறைகிறது. நோயாளியின் துன்பமும் குறைகிறது. இதனை நாம் இகழவில்லை. ஆனால் இத்தகைய முறைகள் சில வேளைகளில் இல்லாததை வரைந்துவிடலாம், சிறிய ஆனால் உண்மையான ஒன்றை அழித்துவிடலாம் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. கண்டது வேறு, கண்டிருக்கக் கூடும் என்று எண்ணியது வேறு. பழைய பேய்க்காவது தான் பேய் என்று காட்டும் ஓர் ஒழுங்கின்மை இருந்தது. ஊகத்தால் வந்த பிழையோ தெளிவின் உடையை அணிந்து வருகிறது. பலரைப் போலத்தான் இவரும் இருப்பார் என்று நாம் பிறரைப் பற்றி எழுதி முடித்துவிடும் தீர்ப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே அல்லவா?

மூன்றாம் வழி, காத்திருப்பது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட, 7 டெஸ்லா வலிமை கொண்ட கருவியால் 2010களில் கண்ணைப் படமெடுத்தவர்கள் ஒரு முறையைப் பின்பற்றினர். நோயாளிக்கு நோக்குவதற்கு ஒரு குறியைத் தந்தனர். சில விநாடிகள் படமெடுத்தபின் கருவியே சற்று நிற்கும். அப்போது நோயாளி இமைத்துக்கொள்வார். பின்னர்ச் சேகரிப்பு தொடரும். இமைக்காதே என்பதற்குப் பதிலாக, இப்போது இமைத்துக்கொள் என்று சொல்வது! பல கோடி ரூபாய் மதிப்புள்ள கருவி, ஒரு மனிதரின் இமைக்காகத் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. அதனால் நேரம் சற்றுக் கூடுகிறது. படமோ தெளிவாகிறது.

மூன்றாம் வழியில் நோயாளி ஒன்றும் செய்வதில்லை என்று கருதிவிடக் கூடாது. கருவி ஓடும் விநாடிகளில் அவர் தம் கண்ணைக் குறியின்மேல் நிறுத்துகிறார். அந்த அசைவின்மை அவரிடமிருந்து பறிக்கப்பட்டதன்று, அவர் தருவது. தாங்கக்கூடிய அளவில் கேட்டதனால்தான் அவரால் தர முடிகிறது. காண்பவர் பாதி வழி வருகிறார்; காணப்படுகிறவர் மீதி வழி வருகிறார்.

இமைப்பவர் மனிதர்

இமைத்தல் குறையன்று என்பதை நம் தமிழ் மரபு முன்பே அறிந்திருந்தது. தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர் நால்வரும் நளனைப் போலவே உருக்கொண்டு அமர்ந்திருந்தனர். ஐவரும் ஒரே தோற்றம். எவர் நளன் என்று அவள் எப்படி அறிந்தாள்? தேவரின் கண்கள் இமைக்கவில்லை. நளனின் கண்கள் இமைத்தன. தேவரின் கால்கள் நிலத்தில் தோயவில்லை. அவன் கால்கள் தோய்ந்தன. தேவரின் மாலை வாடவில்லை. அவன் மாலை வாடியது. குறைகள் என்று பிறர் எண்ணக்கூடிய அடையாளங்களைக் கொண்டே அவள் தன் மனிதனைக் கண்டுகொண்டாள். இமைக்காத நால்வரை விட்டு இமைத்தவனுக்கே மாலையிட்டாள்.

தொல்காப்பியம் எழுத்தொலியின் நீளத்தை அளக்கும்போது, இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையுமே ஒரு மாத்திரை என்று வகுக்கிறது. காலத்தை அளக்கும் கோலாக இமையைக் கொண்ட மொழி நம்முடையது. மனிதரின் இயல்பைக் கொண்டு அளவையை அமைத்தனர் நம் முன்னோர். நாமோ அளவைக் கருவியைக் கொண்டு வந்து, அதற்கு அடங்காத மனிதரை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறோம்.

எழுதியவரை மட்டும் பழிப்பது நேர்மை ஆகாது. அந்த இளைஞருக்கு வெளியே வரிசையில் பலர் காத்திருந்தனர். ஒவ்வொருவருக்கும் இத்தனை நிமிடம் என்று அவருக்கும் யாரோ அளவு வகுத்திருப்பர். அவருக்கும் இமைக்க இடைவெளி இருந்திருக்காது. நாம் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. அன்று வீடு திரும்பும் வழியில், “கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கலாமே, அத்தை” என்று நாமே சொன்னோம். அத்தை மறுமொழி கூறவில்லை. அறிக்கையில் இருந்த வரியை நாமும் ஒரு முறை அவர்மேல் எழுதிவிட்டோம் என்பது பின்னரே உறைத்தது.

இந்த வரியை நாம் எங்கெல்லாம் எழுதவில்லை! வகுப்பில் அமர முடியாத சிறுவன் அடங்காதவன் ஆகிறான். திக்கிப் பேசுகிறவரின் சொல்லை நாமே முடித்துவைத்து, அவர் கருத்தை அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம். புதிதாக வந்த மருமகள் முதல் வாரத்தில் பேசிய ஒரு சொல்லைக் கொண்டு அவள் வாழ்நாள் முழுவதற்கும் படம் வரைந்துவிடுகிறோம். சொன்னதையே திரும்பச் சொல்லும் முதியவரைத் தொல்லை என்கிறோம். ஒரு நொடியின் அசைவு முழுப்படத்திலும் பேயாகப் பரவுவது கருவியில் மட்டும் நிகழ்வதன்று. அங்கெல்லாம் படம் கலங்கியதற்குக் காரணம் அவர்கள் அசைந்தது மட்டும்தானா? நாம் நிற்காததும் அல்லவா?

ஒருவரைத் தெளிவாகக் காண வேண்டியது நம் கடமையானால், முதலில் நிற்க வேண்டியவர் நாமே. தேவையானதற்கு மேல் அசைவின்மையைக் கேட்காதிருப்பது, கேட்டதைத் தாங்கும் அளவாகப் பகுத்துக் கேட்பது, இடையில் அவர் அவராக இருக்க இடம் விடுவது ஆகியவை பொறுமை என்னும் நற்பண்போடு நின்றுவிடுவன அல்ல. உண்மையை அறிவதற்கான முறையும் அவையே. இதனைக் கண்ணின் படம் நமக்குத் தெளிவாகவே காட்டுகிறது. கடுமையால் கிடைத்தது கலங்கிய படம். காத்திருந்தபோது கிடைத்தது உண்மை.

மூன்று வாரம் கழித்து அத்தையை வேறோர் இடத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கே இருந்த பெண்மணி முதலில் அத்தையின் அருகில் அமர்ந்து, இயந்திரம் எப்படிச் சத்தமிடும் என்று கூறினார். நீண்ட ஒரு படத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார். “தட்டுற சத்தம் கேட்கும்போது மட்டும் அந்தப் புள்ளியைப் பாருங்கம்மா. சத்தம் நின்னதும் நல்லா இமைச்சுக்கோங்க. அவசரமே இல்லை” என்றார். படம் தெளிவாக வந்தது. வளர்ச்சி இருந்தது; அதன் அளவும் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணை எடுக்க வேண்டியதில்லை, தகட்டுச் சிகிச்சை போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார். அந்தக் கண்ணில் பார்வை பழையபடி திரும்பவில்லை. ஆனால் கண் இருக்கிறது.

இப்போதும் அத்தையின் எதிரில் அமர்ந்து பேசும்போது, அந்தக் கண் இமைப்பதை நாம் கவனிப்பதுண்டு. அவர் சொல்ல வந்ததை மறந்து நடுவில் நின்றுவிடுவார். முன்பெல்லாம் நாமே அச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம். இப்போது காத்திருக்கிறோம்.